ஏரிக்கரையில் தளை அறுத்த நாள்

ஊதா நிறத் தொப்பி வைத்த அந்த அம்மாள் ரயில் பெட்டிக்குள் கால் வைத்ததும் மீரிம் சட்டென்று எழுந்து நின்றாள்.

"உக்காருங்க அக்கா."

அந்த அம்மாள் காலியான இருக்கையைப் பார்த்தாள். பிறகு மீரிமை ஏற இறங்கப் பார்த்தாள். கையில் தோல் உறை போட்ட பைபிள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை, கோயிலுக்குப் போகிற உடுப்பு.

"ஏம்மா, எனக்கு என்ன வயசுன்னு நெனச்சே?"

"எங்கம்மா வயசு இருக்கும்னு..."

"உங்கம்மாவுக்கு என்ன வயசு?"

"அம்பத்தொண்ணு."

பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அந்த அம்மாளின் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"பொழைச்சே, போ. எனக்கு அம்பத்தொம்பது. பள்ளிக்கூடச் சமையல்கட்டுல இருபத்தாறு வருஷமா நின்னுக்கிட்டேதான் வேலை பாக்குறேன். நாலு ஸ்டேஷன் நிக்க மாட்டேனா? நீ உக்காரு."

"நீங்க நிக்கிறப்ப நான் எப்படி உக்கார்றது?"

"நல்லாக் குனிஞ்சு, முழங்காலை மடக்கி உக்காரு."

பெட்டியே சிரித்தது. ஆனால் மீரிம் உட்காரவில்லை. கிர்கிஸ்தானில் அவளுடைய ஊரான பாலிக்சியில், பேருந்தில் ஒரு பெரியவர் ஏறினால் இளையவர்களின் கால்கள் தாமாக எழுந்துவிடும். மூளைக்குச் செய்தி பிறகுதான் போகும். பதினேழு வருடப் பழக்கத்தை எட்டு மாத அமெரிக்க வாசம் மாற்றிவிடுமா? அந்த அம்மாளும் உட்காரவில்லை. அவள் பெயர் வெர்னெட்டா என்பதும், யார் சொன்னாலும் இலேசில் இறங்கி வருகிறவள் அல்ல என்பதும் இரண்டு ஸ்டேஷனுக்குள் பெட்டியில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஆக, ஆள் நிற்க இடமில்லாத அந்தப் பெட்டியில் ஒரே ஓர் இருக்கை மட்டும், ராஜா வரப்போவதுபோல, காலியாகவே பயணம் செய்தது. பக்கத்து இருக்கையில் இருந்த லோர்னா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, யாருக்காகப் பிடித்துவைத்திருக்கிறோம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

லோர்னாதான் மீரிமுக்கு இங்கே அம்மா. ஒரு வருடம் அமெரிக்கப் பள்ளியில் படிக்க வந்த பெண்ணைத் தன் வீட்டில் மகளாக வைத்துக்கொண்டவள். அயோவாவில் பார்த்த இடமெல்லாம் சோளம் விளைகிற ஒரு சின்ன ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வயது அறுபத்திரண்டு, பெரிய உடம்பு, இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. பெருநகரம் என்றாலே அவளுக்கு உதறல். பனிப்புயலில் நாற்பது பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்த்தவள், சிகாகோ சாலையில் வண்டி ஓட்ட மாட்டேன் என்று சொல்லி, காரைப் புறநகர் ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டாள். ஆனாலும் வந்தாள். மீரிமின் அண்ணன் உலான் இந்த நகரத்தில்தான் இருந்தான். அவனுக்கு ஒரு மகன் பிறந்து பதினொரு மாதம் ஆகியும் சொந்த ஊரிலிருந்து ஒருவர்கூட அந்தக் குழந்தையைத் தொட்டுப் பார்த்ததில்லை. அதைக் கேட்ட அன்றே லோர்னா, "எப்பப் போகலாம்?" என்று நாள்காட்டியை எடுத்துவிட்டாள்.

குழந்தை எல்தார் இப்போது தள்ளுவண்டியில் உட்கார்ந்து, வெர்னெட்டாவின் தொப்பியையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா சல்தனத் ஒரு கையால் வண்டியையும் மறு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் கடைக்காரர் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் முகம் சிவந்து தலை குனிகிறவள்.

மீரிமின் தோள்பையில் மூன்று பொருள்கள் இருந்தன. அவள் அம்மா கறுப்பு ஆட்டு மயிரையும் வெள்ளை ஆட்டு மயிரையும் திரித்து முறுக்கிய முழ நீளக் கயிறு ஒன்று. உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி ஒன்று. 'பெருநகரம்: என் மனப்பதிவுகள்' என்று ஆசிரியர் தலைப்புக் கொடுத்து, ஒரு பக்கம் எழுதிவரச் சொன்ன நோட்டு ஒன்று. நோட்டில் நேற்று மாலை அவள் எழுதியது ஒரே ஒரு வரி: 'கட்டடங்கள் உயரமாக உள்ளன.' அதை எழுதிவிட்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. இரும்புக் கால்களின்மேல் வீடுகளின் ஜன்னலை உரசிக்கொண்டு ஓடும் ரயிலைப் பற்றி எழுதலாம். மழைக்கோட்டுப் போட்ட நாயைப் பற்றி எழுதலாம். முன்பின் தெரியாத ஒருத்தி நடக்கிற வேகத்திலேயே 'உன் சடை அழகா இருக்கு' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனதை எழுதலாம். எல்லாம் இருந்தன. ஆனால் எதுவும் ஒட்டவில்லை.

கயிறுதான் முக்கியம். குழந்தை முதலடி வைக்கிற பருவத்தில் அதன் இரண்டு கால்களையும் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் தளர்வாகப் பிணைத்து நிறுத்துவார்கள். தூரத்திலிருந்து ஆட்கள் குழந்தையை நோக்கி ஓடிவருவார்கள். முதலில் வந்து சேர்கிறவர் தளையை அறுக்க வேண்டும். அறுத்தவரின் நடை குழந்தைக்கு வரும். வாழ்க்கையில் நல்லதும் கெட்டதும் பின்னிக் கிடக்கும், அதில் தடுக்கி விழாமல் நடக்கட்டும் என்றுதான் அந்த இரண்டு நிறம். தளை அறுபடாமல் நடக்கத் தொடங்கும் பிள்ளை காலமெல்லாம் தடுமாறும் என்று மீரிமின் அம்மா நம்பினாள். ஆறு வருடமாக மகனைக் காணாதவள் அவள். பேரனை மடியில் வைக்கக் கொடுத்துவைக்கவில்லை, இந்தக் கயிறு ஒன்றையாவது அவன் காலில் கட்டிவிடு என்று மகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். 'கட்டுகிறேன்' என்று மீரிம் ஊர் வழக்கப்படி ரொட்டியைத் தொட்டு வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று பதினொரு மணிக்கு ஏரிக்கரைப் பூங்காவில் அதைச் செய்வதாக ஏற்பாடு.

மூன்றாவது ஸ்டேஷனில் சல்தனத்தின் கைபேசி ஒலித்தது. உலான்.

"அண்ணன் எங்க அண்ணி? பூங்காவுக்கு வந்துட்டாரா?"

சல்தனத் கைபேசியை நீட்டினாள். திரையில் உலானின் முகம். அவனுக்குப் பின்னால் லாரியின் கண்ணாடி முழுக்க வெள்ளை.

"வயோமிங்ல மாட்டிக்கிட்டோம்டி. நேத்திலேர்ந்து பனி, இப்பதான் சிக்னல் கெடச்சுது. ரோட்டை மூடிட்டாங்க. நான் மட்டுமில்ல, நம்ம ஆளுங்க அஞ்சு பேரும் வரிசையா நிக்கிறோம்."

ஓடுவதற்கென்று வரவேண்டியவர்கள் அந்த ஐந்து பேர்தான். உலானைத் தவிர மற்ற நால்வரும் அவனோடு லாரி ஓட்டுகிறவர்கள், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். இவர்களைத் தவிர சல்தனத்துக்கு இந்த ஊரில் வேறு யாரையும் தெரியாது.

"அடுத்த தடவை வெச்சுக்கலாம்" என்றான் உலான். குரல் இறங்கியிருந்தது.

"உங்களுக்கு அடுத்த லீவு மூணு வாரம் கழிச்சு. அதுக்குள்ள இவன் ஓடவே ஆரம்பிச்சுடுவான். நான் சாயங்காலம் ஊருக்குப் போகணும். அம்மா அங்க தெருவையே கூட்டி வெச்சுட்டு உக்காந்திருக்காங்க அண்ணா! தேநீர்ப் பாத்திரத்துல போனைச் சாத்தி வெச்சுக்கிட்டு, பதினொரு மணிக்கு உங்க முகத்தைப் பாக்கணும்னு..."

ரயில் நின்றது. இறங்க வேண்டிய இடம். வெர்னெட்டாவும் அங்கேதான் இறங்கினாள். போகிற போக்கில் காலி இருக்கையைச் சுட்டி, "பாத்தியா, ரெண்டு பேரும் நின்னோம், ரெண்டு பேரும் சாகல" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மறைந்தாள்.

ஏரி அவர்களை ஒரே காற்றில் வரவேற்றது. மீரிம் ஏரிக்கரையில் பிறந்தவள். லேசாக உப்புக் கரிக்கும் தன் ஊர் இஸிக்-குல்லைவிடப் பெரிய ஏரி கிடையாது என்று எட்டு மாதமாக வகுப்பில் சாதித்துவந்தவள். இங்கே அக்கரையே தெரியவில்லை. நேற்று முதல் வேலையாக, குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்திருந்தாள். "உப்பே இல்ல! பெருசா இருந்தாப் போதுமா?" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தாள். இன்று அந்த வாயாடித்தனம் எங்கே போயிற்றோ, புல்வெளியில் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு வெறுமனே நின்றாள். எல்தாரை இறக்கிவிட்டதும் அவன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்து எழுந்தான். பிடித்த கையை விட்டான். இரண்டு நொடி தனியாக நின்று, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிச் சிரித்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தான்.

"இன்னிக்கே நடந்துடுவான் போலிருக்கே" என்றாள் சல்தனத் கவலையோடு.

லோர்னா கைப்பையைக் கீழே வைத்தாள். "ஓடணும், அவ்வளவுதானே? நான் ஓடுறேன்."

"லோர்னாம்மா, உங்க முழங்கால்!"

"முழங்கால் என்னோடதுதானே, அது பாட்டுக்குக் கூட வரும்."

"ஒருத்தர் ஓடினா அது பந்தயமில்லையே."

"அப்போ போய் ஆள் புடி. இந்த ஊர்ல ஆளுக்கா பஞ்சம்?"

பஞ்சமில்லைதான். ஆனால் பிடிப்பது எப்படி? முதலில் வந்தவளின் காதுகளில் பாட்டு. இரண்டாவது ஆள் மீரிம் வாய் திறப்பதற்குள், "வேண்டாம்மா, நன்றி" என்று கையசைத்துவிட்டான். எதையோ விற்க வந்தவள் என்று நினைத்திருப்பான். ஊரில் என்றால் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், தெருவே வந்துவிடும். இங்கே மனிதர்கள் அத்தனை பேர், குரல் கொடுக்க வாசல்தான் இல்லை. 'ஆண்டவனே, ஒரு முகத்தைக் காட்டு' என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பியபோது, பெஞ்சின்மேல் ஒரு காலைத் தூக்கிவைத்துத் தசையை இழுத்துக்கொண்டிருந்த நெட்டை வாலிபன் கண்ணில் பட்டான்.

"எக்ஸ்கியூஸ் மீ, நீங்க ஓடப் போறீங்களா?"

"ஆமா. இன்னிக்கு இருபது மைல். மாரத்தானுக்குப் பயிற்சி."

"அதுக்கு முன்னாடி ஒரு அம்பது கஜம் எங்களுக்காக ஓடுவீங்களா?"

விஷயத்தைக் கேட்டதும் அவன் தலையைச் சொறிந்தான். "குழந்தையோட காலைக் கட்டிட்டு, நாங்க ஓடிவரணும். ஜெயிச்சவர் கத்தரிக்கணும். சரியா? நான் ப்ரெண்ட். என்னை ஜெயிக்க யாராவது இருக்காங்களா?"

"அதோ" என்று மீரிம் லோர்னாவைக் காட்டினாள். லோர்னா ஸ்வெட்டரைக் கழற்றிக் கைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். ப்ரெண்ட் பணிவாக, "கஷ்டம்தான்" என்றான்.

வேகவைத்த சோளம் விற்கிற எலாதியோ அடுத்ததாக மாட்டினார். "வண்டியை விட்டுட்டு எப்படிம்மா?" என்று அவர் தயங்கியபோது, சோளம் என்ற வார்த்தை காதில் விழுந்து லோர்னா வந்து சேர்ந்தாள். ஒரு கதிரை வாங்கி, மிளகாய்த்தூளும் பாலாடைக்கட்டியும் அப்பியிருந்ததை ஒரு கடி கடித்துக் கண்ணை மூடினாள்.

"நாங்க விளைவிச்சுப் பன்னிக்குப் போடுறோம். நீங்க அதை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க! அய்யா, நீங்க ஓடாட்டி நான் இந்த வண்டியை எங்க ஊருக்கே தள்ளிட்டுப் போயிடுவேன்."

எலாதியோ சிரித்துக்கொண்டே முன்கச்சையை அவிழ்த்தார்.

மூன்று பேர். நான்காவதாக ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மீரிம் சுற்றிப் பார்த்தாள். பூங்காவின் குறுக்குப் பாதையில் ஊதாத் தொப்பி ஒன்று நிதானமாக நடந்துகொண்டிருந்தது. அவள் ஓடினாள்.

"அக்கா! அக்கா!"

வெர்னெட்டா திரும்பினாள். "மறுபடியும் நீயா? இங்கயும் ஒரு சீட்டு வெச்சிருக்கியா?"

"இல்லக்கா. இப்ப நீங்க ஓடணும்."

"ஓடணுமா! ரயில்ல நிக்கக்கூடத் தெம்பில்லாத கிழவின்னு நெனச்சவ, இப்ப ஓடச் சொல்றியா?"

மீரிம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கயிறு, பனி, ஐந்து லாரிகள், தேநீர்ப் பாத்திரத்தில் சாய்த்து வைத்த கைபேசி. வெர்னெட்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றுக்குப் பிரார்த்தனை. மணி பத்து ஐம்பது. தூரத்தில் குழந்தை அவளுடைய தொப்பியைக் கண்டுகொண்டு இரண்டு கைகளையும் நீட்டினான்.

"இருபது வருஷமா மூணாவது வரிசையில முதல் சீட்டு என்னோடது" என்று பெருமூச்சு விட்டாள். "இன்னிக்கு அங்கயும் ஒரு சீட்டு காலியாக் கெடக்கட்டும். ஏன்னு ஆண்டவருக்குத் தெரியும்." தொப்பியைக் கழற்றிப் புல்மேல் வைத்து, அதன் பக்கத்தில் பைபிளை வைத்து, குதிகால் செருப்புகளையும் கழற்றினாள்.

மீரிம் மண்டியிட்டு அந்தக் கயிற்றை எல்தாரின் கணுக்கால்களில் எட்டுப் போல் சுற்றிக் கட்டினாள். அதில் அம்மாவின் அடுப்படி மணம் இன்னும் இருந்தது. சல்தனத் குழந்தையை அக்குளில் பிடித்து நிறுத்தினாள். தள்ளுவண்டியில் சாய்த்து வைத்த ஒரு கைபேசியில் பாலிக்சியின் கூடம் முழுக்க முகங்கள், நடுவே அம்மா, வெள்ளைத் தலைக்குட்டை. இன்னொன்றில் உலான். நால்வரும் மேப்பிள் மரத்தடியில் வரிசையாக நின்றார்கள்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு!"

ப்ரெண்ட் வில்லிலிருந்து விட்ட அம்பு. அடுத்ததாக வெர்னெட்டா, பாவாடையை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரும் எதிர்பாராத வேகத்தில். அவளை ஒட்டி எலாதியோ. லோர்னா பத்து எட்டு வைத்திருப்பாள். முழங்கால் அன்றும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "ஐயோ!" என்று ஒரு சத்தம், அடுத்த நொடி அவள் புல்லில் உட்கார்ந்திருந்தாள்.

வெர்னெட்டா நின்றாள். எலாதியோவும் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை, திரும்பி ஓடினார்கள்.

ப்ரெண்டுக்கு எதுவும் தெரியாது. குழந்தைக்கு முன்னால் வந்து நின்று இரு கையையும் உயர்த்தி, "ஜெயிச்சாச்சு!" என்றான். தள்ளுவண்டிப் பையிலிருந்த கத்தரியை மீரிம் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு திரும்பியவன் அப்போதுதான் பார்த்தான். லோர்னா நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு தோள்கள், மூவரும் கைகோத்து நொண்டிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். "அடி பட்டிருக்கா?" என்று மீரிம் பதறினாள். "மானம் மட்டும்தான்!" என்று லோர்னா கத்தினாள்.

ப்ரெண்ட் கத்தரியைப் பார்த்தான். "அறுத்தவங்க நடை இவனுக்கு வரும்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா" என்றாள் சல்தனத். முன்பின் தெரியாதவரிடம் அவள் நிமிர்ந்து பேசியதை மீரிம் அன்றுதான் கேட்டாள்.

"அப்ப நான் வேண்டாங்க. எனக்கு முன்னாடி ஓடத்தான் தெரியும், பின்னாடி பாக்கத் தெரியல." அவன் கத்தரியை வெர்னெட்டாவிடம் நீட்டினான். "நீங்கதான் திரும்பிப் போனீங்க."

"நான் தனியாவா போனேன்? இவரும்தானே வந்தாரு" என்று வெர்னெட்டா எலாதியோவின் பக்கம் தள்ளினாள். எலாதியோ, "எனக்கு என்ன தகுதி, அந்தம்மாதான் வலியோட ஓடினது" என்று லோர்னாவிடம் கொடுத்தார். லோர்னா, "கடைசியா வந்தவ கையிலயா? ஜெயிச்சது இந்தப் பையன்" என்று ப்ரெண்டிடமே திருப்பினாள். கத்தரி ஒரு சுற்று வந்துவிட்டது. கைபேசியிலிருந்து பாலிக்சியே, "என்ன ஆச்சு? யார் ஜெயிச்சது?" என்று கூச்சலிட்டது.

வெர்னெட்டா இடுப்பில் கை வைத்தாள். "இதோ பாருங்க, காலையில ஒரு சீட்டை இப்படித்தான் வீணாக்கினோம். இந்தத் தடவையாவது யாராச்சும் உக்காருங்க!"

மீரிம் ப்ரெண்டைப் பார்த்தாள். ஜெயித்தவன் விட்டுக்கொடுத்தால்தான் முறை. அவனுக்கும் புரிந்தது. கத்தரியை லோர்னாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். "நான் ஜெயிச்சது. யாருக்குக் கொடுக்கணும்னு நான் சொல்றேன். அந்த முழங்காலோட நீங்க ஓடின பத்து அடி என் இருபது மைலுக்குச் சமம்."

லோர்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன் முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு விமான நிலையத்தில் போர்வையோடு வந்து நின்றவள் அவள். இவளுடைய நடைதான் என் அண்ணன் மகனுக்கு வரவேண்டும் என்று, ரயிலில் ஏறும்போதே யாராவது கேட்டிருந்தாலும் மீரிம் சொல்லியிருப்பாள். லோர்னாவால் மண்டியிட முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தாழ இறக்கினார்கள். அவள் ஏதோ முணுமுணுத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். கறுப்பும் வெள்ளையும் ஒரே வெட்டில் அறுந்தன.

எல்தார் குனிந்து காலைப் பார்த்தான். பிறகு புல்மேல் இருந்த ஊதாத் தொப்பியைப் பார்த்தான். அம்மாவின் கையை உதறிவிட்டு ஒரு அடி வைத்தான். இரண்டு. மூன்று. நான்காவது அடியில் தொப்பியின்மேல் விழுந்து அதை அப்பளமாக்கினான்.

"என் தொப்பி!" என்று அலறிய வெர்னெட்டாதான் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினாள்.

பாலிக்சியில் அத்தனை பேரும் பிரார்த்தனைக்கு உள்ளங்கையை விரித்து, முகத்தைத் தடவி, "ஓமின்" என்றார்கள். அம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, தலைக்குட்டை மட்டும் ஆடியது. இன்னொரு கைபேசியில் உலான் லாரியின் ஹாரனை அழுத்தினான். பின்னால் நின்ற லாரி பதில் கொடுத்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. பனி மூடிய அந்தச் சாலையிலிருந்து ஐந்து ஹாரன்களும் சேர்ந்து ஊளையிட்டதில், ஏரிக்கரைப் புறாக்கள் கூட்டமாய்ப் பறந்தன.

ஜெயித்தவருக்கு அம்மா அனுப்பிய வெள்ளைக் கம்பளித் தொப்பியை மீரிம் ப்ரெண்டின் தலையில் வைத்தாள். மாட்டேன் என்றவனை, "ஒண்ணை விட்டுக்கொடுத்தாச்சு, இதையாவது வாங்கிக்கப்பா" என்று வெர்னெட்டா அதட்டினாள். அவன் அதோடே தன் இருபது மைலுக்குப் புறப்பட்டான். ஆனால் நேராகப் போகவில்லை. நாலு எட்டுக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனான். அந்த உயரமான தொப்பி ஏரிக்கரையோரமாக நெடுநேரம் தெரிந்தது.

மாலையில் திரும்பும் ரயிலில் பாதிக்கு மேல் காலி இருக்கைகள். லோர்னா முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு, எலாதியோ கட்டாயப்படுத்திக் கொடுத்த சோளக்கதிரைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுத வேண்டியது இருக்குன்னியே கண்ணு. எழுதிட்டியா?"

மீரிம் நோட்டைத் திறந்தாள். 'கட்டடங்கள் உயரமாக உள்ளன' என்பதை அடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு எழுதினாள்: 'இந்த ஊரில் உட்காரச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஓடச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வருவார்கள்.'

லோர்னா எட்டிப் பார்த்துப் படித்தாள். "முழங்காலைப் பத்தியும் எழுது" என்றாள்.